உடுத்திய நாள்

மெய்வளை சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

கவின் எழுதியதை அழித்தான். மறுபடி எழுதினான். 'இந்தச் சேலை வெயிலுக்கு இதமாக இருக்கும்.' இடது மணிக்கட்டைப் பார்த்தான். சாம்பல். 'மிருதுளாவுக்கு இந்த நிறம் பிடிக்கும்.' சாம்பல். 'மிருதுளா இறந்துவிட்டாள்.' அதற்கும் சாம்பல்.

"அதையாச்சும் நம்பலாம்ல அந்த வளை?" என்றாள் ஹாசினி.

அவள் கவினின் மனைவி மிருதுளாவின் தங்கை. பார்சல் கட்டும் மேசை மேல் ஏறி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அக்கா போன பிறகு கோபியிலிருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறி வந்து கடையைக் கவனித்துக்கொள்கிறாள்.

"வார்த்தை உண்மையான்னு அது பாக்கறதில்ல," என்றான் கவின். "எழுதறப்ப எனக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் பாக்கும்."

"உங்களுக்குள்ள என்ன நடக்குது மாமா?"

"ஒண்ணும் நடக்கல."

ஹாசினி பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

எழுதுபொறிகள் ஒரு நொடியில் ஆயிரம் பாராட்டுரைகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது இணையக் கடைகளை நம்புவதை மக்கள் நிறுத்தினார்கள். எந்தப் பொருளுக்கும் ஐந்து நட்சத்திரம். எந்தப் பொருளும் வீட்டுக்கு வந்ததும் குப்பை. அப்போதுதான் மெய்வளை வந்தது. நரம்பின் அதிர்வையும் தோலின் ஈரத்தையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் மெல்லிய பட்டை. எழுதுகிறவர் எழுதும் நேரத்தில் நிஜமாகவே எதையாவது உணர்ந்தால் பச்சையாகும். பதிவுக்கு மெய்முத்திரை விழும். பொறிகளுக்கு உடம்பு இல்லை. அதனால் பொறிகளுக்கு முத்திரையும் இல்லை.

அதன் பின்னால், வீட்டுக்கு வேண்டியதைத் தானே வாங்கும் கருவியாகக் கொள்வான் வந்தது. சமையலறைச் சுவரில் ஒன்று, கைப்பைக்குள் ஒன்று. வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று அதற்குத் தெரியும். முத்திரை விழுந்த எழுத்தை மட்டும் படிக்கும், முத்திரை உள்ளவர் பேசினாலும் கேட்கும். எதை மிக ஆழமாக உணர்ந்து எழுதியிருக்கிறார்களோ அந்தப் பொருளை வாங்கும். வாங்கியதும் சின்னதாக ஒரு மணியோசை. அவ்வளவுதான். மக்கள் முதலில் கடைத்தெருவுக்குப் போவதை விட்டார்கள். பிறகு வலைப்பூக்களைப் படிப்பதை விட்டார்கள். கொஞ்ச காலத்தில் தேர்ந்தெடுப்பதையே விட்டார்கள். வாசலில் பெட்டி வந்து நிற்கும். என்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

மிருதுளாவின் கடையில் பட்டு கிடையாது. அன்றாடம் கட்டும் பருத்திச் சேலைகள் மட்டும். கடைக்கென்று அவள் நடத்திய வலைப்பூவின் பெயர் 'உடுத்திய நாள்'. ஒரு சேலையை ஒரு முழு நாள் உடுத்தியிருப்பாள். மறுநாள் அதைப் பற்றி எழுதுவாள். பஸ்ஸில் யார் முந்தானையை மிதித்தார்கள், ரேஷன் வரிசையில் எங்கே வியர்த்தது, குழம்புக் கறை எந்த மடிப்பில் மறைந்தது, துவைத்த பிறகு சாயம் நின்றதா. எல்லாப் பதிவும் ஒரே வரியில் தொடங்கும்: 'இன்று இதை உடுத்தினேன்.' வளை பச்சையாக எரியும். ரேஷன் கடைக்காரர் மேல் வந்த கோபத்துக்குக்கூடப் பச்சை.

சேலைகள் போய்க்கொண்டே இருந்தன. கவின் கணக்கும் கொரியரும் பார்த்தான். அவன் கையில் வளை இல்லை. தேவைப்படவில்லை.

ஒரு வலைப்பூவுக்கு ஓர் உடம்பு. இது முத்திரை வாரியத்தின் விதி. கூலிக்கு ஆள் வைத்து உணரச் செய்வதைத் தடுக்க வந்தது. பதிவர் இறந்தால் கணவனோ மனைவியோ அந்த இடத்துக்கு வரலாம். மூன்று மாதத்துக்குள் ஒரு பதிவாவது முத்திரை பெற வேண்டும். பெறாவிட்டால் கொள்வான்கள் அந்தக் கடையை மறந்துவிடும். வாரியம் வலைப்பூவை அழித்துவிடும். முத்திரை எழுத்தை நகல் எடுக்கவும் முடியாது. எடுத்தால் வெற்றுப்பக்கம்தான் வரும்.

கடை போனால் போகட்டும் என்றுதான் கவின் நினைத்தான். ஆனால் மிருதுளாவின் ஏழு வருட எழுத்து அதற்குள் இருந்தது. அவள் சிரித்தது, சலித்தது, கொரியர் பையனைத் திட்டியது எல்லாம். தினமும் ஒரு பதிவு படித்தான். படிக்கும்போது எதுவும் தோன்றவில்லை. ஆனாலும் படித்தான். அழிந்துவிட்டால் படிக்க ஒன்றும் இருக்காது.

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒருக்கா வாய் விட்டு அழுதுட்டீங்கன்னா செரியாப் போயிருமுங்க தம்பி," என்றாள் பூங்கொடி. கடை தொடங்கிய நாளிலிருந்து சேலை மடித்துப் பெட்டி கட்டுகிறவள்.

"வரலைங்க்கா."

"சின்ன வெங்காயம் உரிங்க. தாரை தாரையா வரும்," என்றாள் ஹாசினி.

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். கவின் எழுந்து போய் ஒரு கிண்ணம் வெங்காயம் எடுத்து வந்து உரித்தான். கண்ணீர் வந்தது. தட்டில் சொட்டியது. மணிக்கட்டைப் பார்த்தான். சாம்பல்.

"அந்த வளைக்கு வெவரம் ஜாஸ்தி," என்றாள் ஹாசினி. பிறகு அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெங்காயத்தைப் பூங்கொடி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கல்யாணப் படத்தைப் போட்டுப் பார்த்தான். மிருதுளா சிரித்தாள். பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கத்தினார்கள். சாம்பல். மருத்துவமனை வரைக்கும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை போடச் சொன்னான். போட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார் மருத்துவர். சின்ன வயதுக்காரர். சொல்லிவிட்டு அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவின் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்தான்.

நாற்காலியிலும் சாம்பல்.

"அக்காவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போடலையே மாமா," என்றாள் ஹாசினி ஒருநாள். "பஸ் ஸ்டாண்டுல இருந்து பேக்கரி வரைக்கும் பிளக்ஸ் வெச்சோம். அவ வலைப்பூவுல ஒண்ணுமே போடல. அவளப் படிச்சவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"படிச்சவங்கன்னு யாரும் இல்ல. கொள்வான்தான் படிக்குது."

"செரி, அதுக்குத் தெரியட்டும்."

கவின் எழுதினான். தோற்றம், மறைவு, இரண்டு தேதிகள். 'எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்தி' என்று தொடங்கி 'கண்ணீருடன் கணவர், பெற்றோர், தங்கை மற்றும் உற்றார் உறவினர்' என்று முடித்தான். பிளக்ஸில் இருந்த அதே வரிகள். சாம்பல்.

பூங்கொடி அலமாரி முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அரளிச் சிவப்புல ஒண்ணு கொறையுதுங்க. யாருக்கு அனுப்புனோம்?"

"எதுல?"

"கடசியா வந்த கட்டுலீங்க. மிருதுளா கண்ணு இன்னும் உடுத்திக்கூடப் பாக்கலீங்க. அடுத்த வாரம் எழுதறேன்னு எடுத்து வெச்சுது. ரெண்டாந் தட்டுல இருந்துச்சு."

"நான் எடுத்தேன்," என்றான் கவின்.

"எதுக்குங்க?" என்று கேட்ட பிறகுதான் பூங்கொடிக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனைவி இறந்தால் அவளுக்கு உடுத்தும் புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். கோடி. அன்று வரவில்லை. மிருதுளாவின் அம்மா கோபியில் சமையலறைக் கொள்வான் முன்னால் நின்று ஒரு சேலை கேட்டிருக்கிறாள். எந்த நிகழ்ச்சிக்கு என்று அது கேட்டது. சொல்லியிருக்கிறாள். அதற்குப் பதிவுகள் இல்லை என்றது. மறுபடி கேட்டாள். பதிவுகள் இல்லை. கோடியை உடுத்திப் பார்த்து எழுதியவர் உலகத்தில் யாரும் இல்லை. நேராக ஒரு கடைக்குப் போய் ஒரு சேலையை எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெறுங்கையோடு காரில் ஏறி வந்துவிட்டார்கள். கூடத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். கவின் கடைக்குள் போய் இரண்டாம் தட்டிலிருந்து மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தான்.

அவன் அஞ்சலியை அழித்தான். புதிதாக ஒரு வரி எழுதினான்.

'அன்று மிருதுளா இதை உடுத்தினாள்.'

வளை மஞ்சளாகியது. அவன் கவனிக்கவில்லை.

'அவளாகக் கட்டிக்கொள்ளவில்லை. நான்கு பேர் கட்டிவிட்டார்கள். அரளிச் சிவப்பு, கருப்புக் கரை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பிரித்தபோது புதுத்துணியின் கஞ்சி வாசம் வந்தது. வண்டியில் ஏற்றும்போது முந்தானை என் கையில் பட்டது. விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். சீட்டோடு அனுப்பிவிட்டோம்.'

எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. அழித்து அழித்து எழுதினான். இன்னும் சில வரிகள் எழுதினான். நிறுத்தினான்.

"மாமா," என்றாள் ஹாசினி. "கையப் பாருங்க."

வளை பச்சையைத் தாண்டியிருந்தது. வெள்ளையாக எரிந்தது. அப்படி ஒரு நிறம் அதில் இருப்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. மிருதுளா கையிலும் அது வந்ததில்லை. மேசை மேல் இருந்த கத்தரிக்கோலின் நிழல் சுவரில் விழுந்தது.

முத்திரை கிடைத்தது. வலைப்பூ தப்பியது. கவின் நாற்காலியில் சாய்ந்தான். வளை மறுபடி சாம்பலானது.

மறுநாள் காலையில் கடைத்திரை முழுவதும் சிவப்பாக இருந்தது.

வழக்கமாக வரும் ஆர்டர்களைப் போலப் பல மடங்கு. எல்லாம் ஒரே சேலைக்கு. அரளிச் சிவப்பு, கருப்புக் கரை. கவின் அந்தப் பதிவில் எந்த விற்பனைச் சுட்டியும் கொடுக்கவில்லை. கடையின் மென்பொருள் தானே இணைத்திருந்தது. சேலையின் நிறம் பதிவில் இருந்தது. பதிவர் உடுத்திய சேலை என்ற நிபந்தனையும் பொருந்தியது. அதன் பிறகு கொள்வான்கள் படித்தன. சாவு, கல்யாணம், ரேஷன் கடை என்ற வித்தியாசம் அவற்றுக்குப் பொருட்டில்லை. அவை எடை மட்டும் பார்த்தன. இவ்வளவு எடையோடு ஒரு சேலையைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை.

"இத யாரு கண்ணு கேக்கறாங்க?" என்றாள் பூங்கொடி. "பாடைச் சேலைய எந்தப் புண்ணியவதி வேணும்னு கேப்பா?"

"யாரும் கேக்கலீங்க்கா. மிஷின் கேக்குது."

"வேண்டாம்னு சொல்லிப் போடுங்க."

"சொல்ல முடியாது. முத்திரை போட்ட பொருளத் தர மாட்டேன்னா முத்திரை பொய்யின்னு ஆயிரும். வலைப்பூவ எடுத்துருவாங்க."

"எடுக்கட்டுமுங்க!"

கவின் ஆர்டர் பட்டியலை மேலே நகர்த்தினான்.

"நான் மடிக்க மாட்டனுங்க தம்பி. என்னைய மன்னிச்சுக்கங்க. அந்தப் புள்ளைக்குக் கட்டிவிட்ட நாலு பேருல நானும் ஒருத்தி. இன்னொருக்கா அந்தச் சேலைய என் கையால தொட மாட்டேன்."

அவள் அன்று மதியமே வீட்டுக்குப் போனாள்.

ஹாசினி ஒரு யோசனை சொன்னாள். வாங்குகிறவர்களிடம் போனில் சொல்லிவிடலாம். அவர்களாக வேண்டாம் என்றால் வாரியம் ஒன்றும் செய்யாது. கவின் பட்டியலில் முதலில் இருந்த எண்ணுக்குப் போட்டான். கரூரில் ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக் கொள்வான் எங்க கடையில ஒரு சேலை வாங்கியிருக்குங்க."

"அப்படீங்களா? வாங்கியிருக்கும். அது பாட்டுக்கு வாங்கும்."

"அந்தச் சேலையப் பத்தி ஒண்ணு சொல்லணுங்க. எங்க வீட்ல ஒருத்தர் தவறிட்டாங்க. அவங்களுக்குக் கடசியாக் கட்டுன சேலைங்க அது."

போனுக்குப் பின்னால் மிக்சி ஓடி நின்றது.

"அதே சேலையா அனுப்பறீங்க?"

"இல்லீங்க. அதே மாதிரி. புதுசு."

"அடப் போங்க சார், நெஞ்சு அப்படியே நின்னுபோச்சு. புதுசுதானே, அனுப்புங்க. எதையாச்சும் பாத்துத்தான் வாங்கியிருக்கும். ரெண்டு வருசத்துல ஒருக்காக்கூட தப்பா வாங்குனதில்ல எங்க வீட்டுது. எங்க வீட்டுக்காரரவிட அதுக்கு வெவரம்." அவள் சிரித்தாள். "என்ன கலருங்க?"

"சிவப்பு."

"எனக்குச் செவப்பு எடுக்கும்," என்று வைத்துவிட்டாள்.

இன்னும் சிலரை அழைத்தான். ஒருவர் இது ஏமாற்று அழைப்பா என்று திட்டினார். ஒருவர் இரங்கல் சொல்லிவிட்டு எப்போது வரும் என்று கேட்டார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கவின் சென்னிமலை விசைத்தறிக்காரருக்குப் போன் செய்து கட்டுக் கட்டாக அதே சேலையை வரவழைத்தான். அவனே மடித்தான். அவனே பெட்டி கட்டினான். ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டும்போது வளையைப் பார்த்தான். சாம்பல். மாலையில் மிருதுளாவின் பழைய பதிவு ஒன்றைத் திறந்து படித்தான். மாதவிடாய் நாளில் கருநீலச் சேலை கட்டிப் பழநி மலையடிவாரத்தில் சுற்றிய கதை. எழுத்து அங்கேயே இருந்தது. அது போதும் என்று நினைத்தான்.

முதல் சேலையை அவன் பன்னீர்செல்வம் பூங்காப் பக்கம் பார்த்தான். ஒரு பெண் ஸ்கூட்டரில் சிக்னலுக்கு நின்றிருந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். அவன் பைக்கில் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் இருந்த ஆட்டோக்காரர் "ஏனுங்க, பச்சை விழுந்துருச்சு" என்று ஹாரன் அடித்தார். அடுத்த வாரம் காய்கறிச் சந்தையில் மூன்று பேர். பிறகு வங்கி மேலாளர். பிறகு பள்ளி விட்டதும் வாசலில் நின்ற ஆசிரியைகள். ஒரு திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனவன் படியிலேயே நின்றுவிட்டான். எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பு. ஏறினார்கள், இறங்கினார்கள், வடை தின்றார்கள், குழந்தையை அடித்தார்கள். கட்டிய விதம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. அவன் பஸ் ஏறாமல் திரும்பிவிட்டான். அதன் பின் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில் ஹாசினிக்குத் தாராபுரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருடத்துக்குள் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று அத்தை, மிருதுளாவின் அம்மா, பிடிவாதமாக இருந்தாள். ஊரில் சிலர் கவினையே கட்டிவைத்துவிடலாமே என்றார்கள். ஹாசினி அதைக் கேட்டுச் சிரித்தாள். "மாமாகூடக் குடும்பம் நடத்தறதுக்குக் கொள்வான்கூட நடத்தலாம். அதாச்சும் மணி அடிக்கும்" என்றாள். தாராபுரத்துப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் பேசிச் சிரித்துக் குரல் கம்மியிருந்தது. அக்காவுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. இது நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கவின் நினைத்தான். வேறெதையும் அவன் அப்போது நினைக்கவில்லை.

உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யும் நாளில் கோபி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கவின் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தாராபுரத்து வேன் வந்து நின்றது. கதவு திறந்தது.

முதலில் மாப்பிள்ளையின் அம்மா இறங்கினாள். அரளிச் சிவப்பு, கருப்புக் கரை. அடுத்து ஒரு பெரியம்மா. அரளிச் சிவப்பு. அடுத்து அண்ணி. அத்தைமார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் அத்தனை பேரும்.

அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தட்டில் குங்குமத் தண்ணீர் தளும்பி விரலில் வழிந்தது. மகளுக்கு அந்தச் சேலையைக் கட்டிவிட்ட நான்கு பேரில் அவளும் ஒருத்தி.

"என்னங்க மாப்ள இது?" என்றாள் கவினிடம். உதடு மட்டும் அசைந்தது. அவன் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கடை நன்றாகப் போகிறது என்று மட்டும் சொல்லியிருந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா அவள் முகத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். "பாத்தீங்களாங்க சம்பந்தி! எல்லாம் உங்க கடைச் சேலைதானுங்க. நாங்க ஒண்ணும் பேசி வெச்சுக் கட்டல. அவங்கவங்க ஊட்டுக் கொள்வான் வாங்கிப் போட்டது. வேன்ல ஏறறப்பத்தான் பாக்கறோம், ஒருத்தி மாதிரி அத்தனை பேரும். சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு."

"பேண்டு வாத்தியக்காரங்க மாதிரி இருக்கறமுன்னு இவரு வேற கேலி பண்றாருங்க," என்றாள் அண்ணி, புருஷனைக் காட்டி.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பழம், வெற்றிலை, உப்பு, சர்க்கரை. நடுத்தட்டில் பெண்ணுக்கான சேலை. அதன் மேல் போட்டிருந்த துண்டை மாப்பிள்ளையின் அம்மா விலக்கினாள். அதே சேலை.

"பொண்ணுக்கும் அதுவேதான் எடுத்துச்சுங்க. இதவிட உண்மையான சேலை இன்னைக்குத் தேதிக்கு இல்லியாம். சேலைய மட்டுமா? பொண்ணையே அதுதானுங்க காட்டுச்சு. பையனுக்கு எங்க பாக்கலாம்னு கேட்டோம். இந்தக் குடும்பத்து எழுத்துக்கு வெள்ளை முத்திரை விழுந்துருக்கு, இங்க போங்கன்னுச்சு." அவள் கவின் பக்கம் திரும்பினாள். "நீங்கதான எழுதுனது? அப்படி என்னங்க தம்பி எழுதுனீங்க? நமக்கு அதெல்லாம் படிக்க எங்க நேரம்."

அத்தை சுவரில் கையை ஊன்றியிருந்தாள்.

ஹாசினி அறையிலிருந்து வந்தாள். தட்டை அவள் கையில் கொடுத்தார்கள். போய்க் கட்டிக்கொண்டு வா என்றார்கள். அவள் போகவில்லை. சேலையையே பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் ஒன்றும் தெரியாமல் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"படிங்க மாமா," என்றாள்.

"வேண்டாம் சாமி," என்றாள் அத்தை. "நல்ல நாளும் அதுவுமா."

"இதுவரைக்கும் யாருமே படிக்கலம்மா. அக்காவப் பத்தி எழுதுனத ஒரு மனுசங்கூடப் படிக்கல. இதக் கட்டிட்டு நான் இவங்க ஊட்டுக்குப் போவணும்ல. அதுக்கு முன்னால இவங்க கேக்கட்டும்."

"படிக்கட்டுமுங்க சம்பந்தி," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா உற்சாகமாக. "நம்ம ஊட்டுப் பெருமைதானே."

கவின் போனை எடுத்தான். எழுந்து நின்றான். கூடம் அமைதியானது. பதிவர் வளை கட்டியிருப்பதைப் பார்த்து அண்ணி பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள்.

"அன்று மிருதுளா இதை உடுத்தினாள்."

"மூத்த பொண்ணுங்க. பாவம்," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். சிலர் தலையசைத்தார்கள். சேலையைப் பற்றித்தானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவளாகக் கட்டிக்கொள்ளவில்லை. நான்கு பேர் கட்டிவிட்டார்கள்."

முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றது.

அவன் படித்தான். வண்டியில் ஏற்றியதைப் படித்தான். விலைச்சீட்டைப் படித்தான். கைக்குழந்தைக்காரி குழந்தையின் வாயிலிருந்து முந்தானையைப் பிடுங்கினாள். குழந்தை அழுதது. மாப்பிள்ளையின் அம்மா தன் மடியைக் குனிந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் சேலையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகள் அந்தரத்தில் நின்றன.

கடைசி வரிகள் வந்தன. எழுதிய பிறகு கவின் அவற்றைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"மடிப்பு நன்றாக நிற்கிறது. கசங்கவில்லை. எரியும்போது ஒட்டவில்லை, பருத்தி என்பதால். சாயம் போகுமா என்று சொல்ல முடியாது."

அவன் நிறுத்தினான். ஹாசினி காத்திருந்தாள். கூடமே காத்திருந்தது. அவன் வாயைத் திறந்தான். உள்ளே எதுவோ பிளந்துகொண்டு வந்தது. கூடத்தின் நடுவில் நின்று ஒரு மிருகத்தைப் போல ஓசையெழுப்பி அழுதான். அதற்கு நடுவே மிச்சமிருந்த இரண்டு சொற்களையும் படித்து முடித்தான்.

"இன்னும் துவைக்கவில்லை."

வளை வெள்ளையாக எரிந்தது. அந்த வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழுந்தது. அத்தை தரையில் சரிந்து உட்கார்ந்தாள். ஹாசினி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்து அவர்கள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அவன் கண்களும் நிறைந்திருந்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தங்கள் மேல் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அண்ணியின் கைப்பையில் ஒரு மணி ஒலித்தது.

அடுத்துப் பெரியம்மாவின் பையில். அடுத்து ஜன்னலோரம் வைத்திருந்த பையில். கூடத்தின் நாலா பக்கமும் சின்னச் சின்னதாக, இனிமையாக, ஒன்று மாற்றி ஒன்று ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா பையைத் திறந்து கொள்வானை எடுத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க ஊட்ல எல்லாத்துக்கும்," என்றாள், "இன்னொண்ணு வாங்கிருச்சுங்க."